ஓர் இணையதளத்தை நம்பலாமா? எதை முதலில் பார்ப்பது, எங்கே நிறுத்துவது? (விவாத இழை)

#1 அடிக்குறிப்பு

இணைய மூலங்களைச் சோதிப்பது எப்படி என்று தேடினால் எங்கும் ஒரே பட்டியல்தான் வருகிறது. ஆசிரியர் பெயர் இருக்கிறதா, தேதி இருக்கிறதா, 'எங்களைப் பற்றி' பக்கம் உண்டா, எழுத்துப்பிழை மலிந்திருக்கிறதா, முகவரி .ஆர்க் என்று முடிகிறதா, இப்படி இருபது இருபத்தைந்து கேள்விகள். காசு வாங்கிக்கொண்டு அறிக்கை எழுதும் ஒரு போலி ஆய்வு மையம் இவை அத்தனையிலும் முழு மதிப்பெண் வாங்கிவிடும். நல்ல தரவு வைத்திருக்கும் ஒரு பேராசிரியரின் பழங்காலப் பக்கமோ பாதியில் தோற்றுவிடும்.

இந்தக் குழுவில் விக்கிப்பீடியாவில் எழுதுவோர், மொழிபெயர்ப்போர், நூலகத் துறையினர் இருக்கிறீர்கள். கையில் ஐந்து நிமிடம்தான் என்றால் எதை முதலில் பார்ப்பீர்கள், எதைப் பார்க்காமலே விடுவீர்கள்? சொந்த அனுபவக் கதைகள் வேண்டாம். படிகளும், அவை எங்கே காலை வாரும் என்பதும் போதும்.

#2 சல்லடை

முதல் படி, அந்தத் தளத்தை விட்டு வெளியே வருவது. தன்னைப் பற்றி அது சொல்லிக்கொள்வதை வைத்து அதை எடை போட முடியாது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. 10 வரலாற்றாளர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள். இவர்களுக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று, இரண்டு குழந்தை மருத்துவ அமைப்புகளின் பக்கங்களை ஒப்பிடுவது. ஒன்று அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ், 1930 முதல் இருக்கும் பெரிய தொழில்முறை அமைப்பு. மற்றது அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ், கொள்கைச் சண்டையில் 2002-இல் பிரிந்து உருவான சிறு குழு. பெயரும் சாயல், பக்கமும் சாயல். வரலாற்றாளர்களும் மாணவர்களும் பெரும்பாலும் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்துக்கொண்டிருந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் வந்த வேகத்தில் புதிய டேப் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

செய்யும் முறை: அமைப்பின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். அதன் சொந்தத் தளத்தை மைனஸ் குறியால் (-site: என்று அடித்து, ஒட்டி அதன் முகவரி) முடிவுகளிலிருந்து விலக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் பக்கம் முழுக்க அவர்களுடைய பத்திரிகைக் குறிப்பும் அதைப் படியெடுத்துப் போட்ட தளங்களும்தான் வரும். விக்கிப்பீடியாவில் கட்டுரை இருந்தால் முதல் பத்தி, நிதி பற்றிய பகுதி, அடியில் உள்ள சான்றுகள் மூன்றும் போதும்.

இது எங்கே காலை வாரும்? பெயரோடு 'மோசடி' என்ற சொல்லைச் சேர்த்துத் தேடும் வழக்கம் பலருக்கு உண்டு. அப்படித் தேடினால் எந்த அமைப்புக்கும் ஏதாவது ஒரு குற்றச்சாட்டு கிடைத்துவிடும். 'நிதி', 'நிறுவனர்', 'விமர்சனம்' என்று தனித்தனியாகத் தேடுவது நல்லது.

#3 பழையநூலகம்

சல்லடை சொல்வது சரிதான். ஆனால் பட்டியலை மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மிகவும் புழங்கும் பட்டியல் 2004-இல் கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்தின் சிகோ வளாகத்தில் நூலகர் சாரா பிளேக்ஸ்லீ உருவாக்கியது. காலம், பொருத்தம், ஆசிரியர் தகுதி, துல்லியம், நோக்கம் என்று ஐந்து தலைப்புகள். இந்த ஐந்தில் தவறில்லை. விடையை அந்தப் பக்கத்திலேயே தேடுவதுதான் தவறு. 'ஆசிரியருக்குத் தகுதி உண்டா?' என்ற கேள்விக்கு அவரே எழுதிய நான்கு வரி அறிமுகத்தை விடையாக எடுத்துக்கொண்டால் பட்டியல் இருந்தும் பயனில்லை.

ஆசிரியர் தகுதியில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முனைவர் பட்டம் எந்தத் துறையில் என்று பார்ப்பதே இல்லை. இயற்பியலில் பட்டம் பெற்றவர் தடுப்பூசி பற்றி எழுதினால் அந்தப் பட்டம் அங்கே செல்லாது. பெயரை, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் போட்டு, அதே பொருளில் அவர் என்ன வெளியிட்டிருக்கிறார் என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை.

முகவரியின் முடிவைப் பற்றி: .ஆர்க் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. .கவ் அமெரிக்க அரசு அமைப்புகளுக்கு மட்டும். 2001-க்குப் பிறகு .எஜு தருவது அங்கீகாரம் பெற்ற அமெரிக்கக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். ஆனால் .எஜுவுக்குள்ளும் மாணவர்களின் சொந்தப் பக்கங்கள் இருக்கும்.

#4 புதியவன்

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுக்குறி இருந்தால் அரைவாசி நம்பலாம்தானே?

#5 கம்பிவலை

@புதியவன் இல்லை. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போகும் தரவு மறையாக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் பூட்டு எதுவும் சொல்லாது. லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற சேவைகள் அந்தப் பூட்டுக்கான சான்றிதழை இலவசமாகத் தருகின்றன. ஏமாற்றுத் தளங்களும் வாங்கிக்கொள்கின்றன. கூகுள் 2021-இல் செய்த ஆய்வில் பூட்டின் சரியான பொருளைச் சொன்னவர்கள் 11% பேர்தான். 2023-இல் குரோமிலிருந்து அந்தப் படத்தையே எடுத்துவிட்டார்கள்.

பொதுக் கேள்விக்கு வருகிறேன். தளத்தின் பின்னால் யார் என்று பார்க்க மூன்று இடங்கள் உண்டு. மூன்றிலும் பள்ளம் உண்டு.

பதிவு விவரம் (முகவரியை யார், எப்போது பதிந்தார்கள் என்ற பொதுப் பதிவேடு): முன்பு ஹூயிஸ் என்றோம். இப்போது அதன் இடத்தில் ஆர்டிஏபி. இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் முகவரியைப் போட்டால் பதிவான தேதி வரும். உரிமையாளர் பெயரை எதிர்பார்க்காதீர்கள். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடப்புக்கு வந்ததிலிருந்து பெரும்பாலும் மறைத்துத்தான் வைத்திருப்பார்கள். 'நாற்பது ஆண்டு பாரம்பரியம்' என்று சொல்லும் நாளிதழின் முகவரி சென்ற மாதம் பதிவானது என்றால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் இதைத் திருப்பிப் போட்டு, பழைய பதிவு என்றால் நல்ல தளம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காலாவதியாகும் முகவரிகளை ஏலத்தில் வாங்கினால் பழைய தேதி அப்படியே தொடரும்.

பழைய படிகள்: இந்த ஏமாற்று வேலையைப் பிடிக்கத்தான், இணையப் பக்கங்களின் பழைய படிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின். முகவரியைப் போட்டு, ஆண்டுக்கு ஒரு படியாவது திறந்து பாருங்கள். தி ஹேர்பின் நல்ல எடுத்துக்காட்டு. மதிப்புள்ள ஒரு வலைத்தளம், 2018-இல் மூடப்பட்டது. பிறகு முகவரியை வேறு யாரோ வாங்கி, செயற்கை நுண்ணறிவு எழுதிய கட்டுரைகளால் நிரப்பியது 2024 தொடக்கத்தில் அம்பலமானது. பழைய நற்பெயரும் பழைய இணைப்புகளும் புதுச் சரக்குக்குப் போய்விட்டன.

விளம்பரக் கோப்பு: பலருக்குத் தெரியாதது இதுதான். தள முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு ஆட்ஸ்.டிஎக்ஸ்டி என்று (ஆங்கில எழுத்தில்) அடித்தால், விளம்பரம் விற்கும் தளங்களில் ஒரு வெற்று உரைக்கோப்பு திறக்கும். விளம்பர நிறுவனமும் கணக்கு எண்ணும் வரிவரியாக இருக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதது போல் நடிக்கும் ஐந்து 'செய்தித்தளங்கள்' ஒரே கூகுள் கணக்கு எண்ணை வைத்திருந்தால், அவற்றை ஐந்து சாட்சிகளாக எண்ண முடியாது. பள்ளம் இங்கே: வரியின் முடிவில் 'ரீசெல்லர்' என்று இருந்தால் அது இடைத்தரகரின் கணக்கு, நூற்றுக்கணக்கான அன்னியத் தளங்களிலும் அதே எண் இருக்கும். 'டைரக்ட்' வரிகளை மட்டும் ஒப்பிடுங்கள். அதிலும் சில விளம்பர முகமைகள் தங்கள் எண்ணை எல்லா வாடிக்கையாளருக்கும் போட்டுவிடுவது உண்டு. ஆகவே இதைத் துப்பு என்று கொள்ளுங்கள், தீர்ப்பு என்று கொள்ளாதீர்கள்.

#6 அடிக்குறிப்பு

ஆட்ஸ் கோப்பு எனக்குப் புதிது, நன்றி. தேதி விஷயத்தையும் யாராவது சொல்லுங்கள். பழைய கட்டுரையின் மேல் 'இன்று புதுப்பிக்கப்பட்டது' என்று ஒட்டி வைக்கும் தளங்களை என்ன செய்வது?

#7 கம்பிவலை

பக்கத்தின் மூலநிரலைத் திறந்து (விண்டோஸில் கன்ட்ரோல்+யூ) 'பப்ளிஷ்ட்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். முதலில் வெளியான தேதியும் திருத்திய தேதியும் தனித்தனிப் புலங்களாக இருப்பது வழக்கம். திரையில் காட்டாவிட்டாலும் அங்கே இருக்கும். வேர்ட்பிரஸ் தளம் என்றால் படத்தின் முகவரியைப் பாருங்கள். பொதுவாக அதில் ஆண்டும் மாதமும் கோப்புறைப் பெயராகவே இருக்கும். நேற்றைய தேதியிட்ட கட்டுரையில் எல்லாப் படங்களும் 2016/03 கோப்புறையிலிருந்து வருகின்றன என்றால் சந்தேகப்படலாம். ஒரே ஒரு படம் மட்டும் பழையது என்றால் அது மறுபயன்பாடாக இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

#8 ஆய்வேடு

தளத்தைப் பற்றியே பேசுகிறோம். நம்ப வேண்டியதோ வேண்டாததோ தளம் அல்ல, கூற்று. நல்ல நாளிதழிலும் தவறான அறிவியல் செய்தி வரும். 'ஆய்வாளர்கள் கண்டுபிடித்துள்ளனர்' என்று ஒரு வரி இருந்தால் அந்த ஆய்வுக்கே போக வேண்டும். போகும் வழி:

செய்தியில் டிஓஐ எண் (ஆய்வுக் கட்டுரைக்குத் தரும் நிலையான அடையாள எண்) இருந்தால் அதை டிஓஐ தளத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் ஆய்வாளர் பெயர், இதழின் பெயர், ஒரு கலைச்சொல் மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். கட்டுரை கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அது திரும்பப் பெறப்பட்டதா என்பது. ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெற்ற கட்டுரைகளின் தரவுத்தளத்தை 2023-இல் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கிவிட்டது. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டின் கட்டுரை 1998-இல் லேன்செட் மருத்துவ இதழில் வந்தது. 12 குழந்தைகளைப் பற்றியது. 2010-இல்தான் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. நடுவில் 12 ஆண்டுகள். இன்றும் அதைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, இது சக ஆய்வாளர் மதிப்பீடு பெற்றதா, முன்பதிப்பா? ஆர்க்கைவ், மெட்ஆர்க்கைவ் தளங்களில் இருப்பவை முன்பதிப்புகள். தவறு என்று பொருளில்லை. அங்கே ஏற்றும்போது யாரும் முறைப்படி சோதிக்கவில்லை என்று பொருள்.

கூடவே மூன்று தவறான நம்பிக்கைகள். ஐஎஸ்எஸ்என் எண் (இதழ்களுக்கான பதிவெண்) இருப்பது தரச்சான்று அல்ல, தொடர்வெளியீடு நடத்தும் எவரும் வாங்கலாம். டிஓஐயும் அப்படியே, அது நிலையான முகவரி மட்டும். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட்டில் இருப்பதும் ஒப்புதல் முத்திரை அல்ல. பப்மெட்டுக்குள் மெட்லைன் என்ற பகுதிதான் இதழ்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பது. வேறு வழியாக வந்து சேரும் கட்டுரைகளும் அங்கே உண்டு.

போலி இதழ்கள் எவ்வளவு எளிதில் ஏற்கின்றன என்பதற்கு, சயன்ஸ் இதழ் 2013-இல் வெளியிட்ட சோதனை. வெளிப்படையான பிழைகள் வைத்துப் புனைந்த ஒரு கட்டுரையை 304 திறந்த அணுகல் இதழ்களுக்கு அனுப்பினார்கள். 157 ஏற்றுக்கொண்டன.

#9 எண்சுவடி

ஆய்வு உண்மை, இதழும் நல்ல இதழ், ஆனாலும் தலைப்பு பொய் என்ற நிலைதான் மிக அதிகம். பதப்படுத்திய இறைச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை, புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவு. உடனே 'புகையிலைக்குச் சமம்' என்ற தலைப்புகள். அந்தப் பிரிவு சொல்வது சான்று எவ்வளவு உறுதியானது என்பதை. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல.

அதோடு, நாளொன்றுக்கு 50 கிராம் கூடினால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18% கூடும் என்ற எண். இது ஒப்பீட்டு எண். அடிப்படை வாய்ப்பு 100-க்கு 5 என்று வைத்தால் 18% கூடியபின் 5.9 ஆகும், 23 ஆகாது. எந்த விழுக்காட்டைப் பார்த்தாலும் 'எதில் இத்தனை விழுக்காடு?' என்று கேளுங்கள். அடிப்படை எண்ணைத் தராத செய்தியை அப்படியே எடுத்தாளக் கூடாது.

மிகைப்படுத்தலுக்கு நிருபரை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் விட்ட 462 பத்திரிகைக் குறிப்புகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்றை பிஎம்ஜே மருத்துவ இதழ் 2014-இல் வெளியிட்டது. 40% குறிப்புகள், ஆய்வுக் கட்டுரையில் உள்ளதைவிட மிகையான அறிவுரை தந்திருந்தன. விலங்குகளில் செய்த ஆய்வை மனிதருக்கு நீட்டியவை 36%. அதாவது மிகை பல நேரங்களில் பல்கலைக்கழக வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. மொழிபெயர்ப்பில் இன்னொரு அடுக்கு கூடும்: 'எலிகளில்', 'கூடும்', 'தொடர்பு காணப்பட்டது' என்ற மூன்றும்தான் முதலில் உதிர்வது. மொழிபெயர்த்த செய்தியைச் சோதிக்கும்போது மூலத்தில் இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள்.

#10 சல்லடை

'பல இடங்களில் இருக்கிறது, ஆகவே உண்மை' என்ற நினைப்பையும் உடைக்க வேண்டும். 2008-இல் விக்கிப்பீடியாவின் கோட்டி என்ற விலங்கைப் பற்றிய கட்டுரையில் யாரோ விளையாட்டாக, 'பிரேசிலிய ஆர்ட்வார்க் என்றும் அழைக்கப்படும்' என்று இல்லாத ஒரு பெயரைச் சேர்த்தார். நாளிதழ்கள் அதை எடுத்தாண்டன. பிறகு அந்த நாளிதழ்களே விக்கிப்பீடியாவில் அதற்குச் சான்றாக வந்து உட்கார்ந்தன. தகவல் தன் வாலையே சான்றாகக் காட்டியது.

இதைப் பிடிக்க, கூற்றின் வித்தியாசமான சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போட்டு, தேடலின் தேதி வடிகட்டியால் ஆண்டு ஆண்டாகப் பின்னே போங்கள். ஓர் ஆண்டுக்கு முன் எதுவுமே இல்லை என்றால், அந்த ஆண்டு விக்கிப்பீடியா கட்டுரையின் திருத்த வரலாற்றுப் பக்கத்தில் யார் சேர்த்தார்கள் என்று பாருங்கள். எச்சரிக்கை: வடிகட்டி காட்டும் தேதி பக்கம் தன்னைப் பற்றிச் சொல்லும் தேதி. கம்பிவலை மேலே சொன்ன தில்லுமுல்லு இங்கேயும் செல்லும்.

#11 பழையநூலகம்

மறுப்புச் செய்திகளையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். 'பசலைக்கீரையில் இரும்புச்சத்து அதிகம் என்பது ஒரு தசமப் புள்ளி இடம் மாறியதால் வந்த பொய்' என்ற கதை அறிவாளிகளுக்குப் பிடித்தமானது. பெரும்பாலும் அது போய் முட்டும் இடம், 1981-இல் பிஎம்ஜேயில் ஹாம்ப்ளின் எழுதிய கட்டுரை. அதில் அந்தத் தகவலுக்குச் சான்றே தரவில்லை. குற்றவியல் ஆய்வாளர் மைக் சட்டன் 2010-இல் தேடிப் பார்த்து, தசமப் புள்ளிக் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினார். கட்டுக்கதையை உடைப்பதாகச் சொன்னதே கட்டுக்கதை.

மேற்கோள்களும் இந்த வகைதான். 'நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமையை உயிரைக் கொடுத்தும் காப்பேன்' என்பது வால்டேர் சொன்னதல்ல. அவரது மனப்பான்மையை விளக்க ஈவ்லின் பியட்ரிஸ் ஹால் 1906-இல் தன் நூலில் எழுதிய வரி. நூல், பக்கம் இல்லாமல் பெயர் மட்டும் போட்ட மேற்கோளை எடுத்தாளவே கூடாது என்பது என் கட்சி.

#12 புதியவன்

படங்களுக்கு? அப்புறம், இப்போது சாட்பாட்டிடம் கேட்டாலே சான்றுகளோடு பதில் தருகிறதே, அதைப் போட்டுவிடலாமா?

#13 ஒளிநகல்

படம்: ஒரே தேடுபொறியோடு நிற்காதீர்கள். கூகுள் லென்ஸ் அதைப் போன்ற படங்களைக் காட்டும், டின்ஐ அதே படத்தைத் தேடும், இரண்டும் வேறு வேலை. டின்ஐயில் 'மிகப் பழையது' என்று வரிசைப்படுத்தலாம். ஆனால் அந்தத் தேதி டின்ஐ அதை முதலில் கண்ட நாள். படம் எடுத்த நாளோ ஏற்றிய நாளோ அல்ல. ஒன்றும் கிடைக்காவிட்டால் படத்தை இடவலமாகத் திருப்பியும், மேலே ஒட்டிய எழுத்தை வெட்டியும் மறுபடி தேடுங்கள். வீடியோ என்றால் காட்சி மாறும் இடங்களில் நிறுத்தி, சட்டகங்களைத் தனித்தனியாக எடுத்துத் தேட வேண்டும். அதற்கு இன்விட் என்ற உலாவி நீட்சி உதவும்.

படக்கோப்புக்குள் கேமரா பதியும் எக்ஸிஃப் தகவலை (நாள், இடம் போன்றவை) நம்பி இறங்காதீர்கள். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாகப் புகைப்படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும். இருந்தாலும் எளிதாக மாற்றலாம். 'இது செயற்கை நுண்ணறிவுப் படமா' என்று விழுக்காடு சொல்லும் கருவிகளையும் தனிச் சான்றாகக் கொள்ள முடியாது. திரைப்பிடிப்பும் அளவுக் குறைப்பும் அவற்றைக் குழப்பும். எழுத்துக்கும் அதே கதி: ஓப்பன்ஏஐ 2023 ஜனவரியில் விட்ட கண்டறியும் கருவி, இயந்திரம் எழுதியதில் 26% மட்டுமே சரியாகப் பிடித்தது. ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

#14 ஆய்வேடு

சாட்பாட் தரும் சான்று மூன்று விதமாகப் பொய்க்கும். டிஓஐ எண்ணே இல்லாதது. எண் உண்டு, ஆனால் வேறொரு கட்டுரைக்குப் போவது. கட்டுரை உண்மை, ஆனால் அது அப்படிச் சொல்லவே இல்லை. முதல் இரண்டும் ஒரு சொடுக்கில் தெரிந்துவிடும். மூன்றாவதற்குக் கட்டுரையைத் திறந்து அந்த வரியைக் கண்டுபிடிக்க வேண்டும், குறுக்குவழி கிடையாது. 2023-இல் நியூயார்க்கில் ஒரு வழக்கில், இல்லாத தீர்ப்புகளைச் சாட்ஜிபிடியிடமிருந்து எடுத்து மனுவில் போட்ட வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

இன்னொன்று: இணைப்பின் வாலில், எங்கிருந்து வந்தது என்று காட்டும் யூடிஎம் சோர்ஸ் என்று போட்டுச் சாட்ஜிபிடி பெயர் இருந்தால், போட்டவர் அங்கிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார். படித்துவிட்டும் ஒட்டியிருக்கலாம், ஆனால் அந்தச் சான்றை முதலில் சோதியுங்கள்.

#15 அடிக்குறிப்பு

நிறைய கிடைத்தது. கடைசியாக: எங்கே நிறுத்துவது? இத்தனையும் ஒவ்வொரு வரிக்கும் செய்தால் ஒரு பத்திக்கு ஒரு வாரம் ஆகும்.

#16 சல்லடை

தகவல் தவறானால் என்ன நடக்கும் என்பதைப் பொறுத்து. ஒரு நடிகரின் பிறந்த ஊர் என்றால் ஒரு வெளித்தேடல், முப்பது விநாடி, போதும். மருந்தின் அளவு, சட்டம், ஒருவர் மீது குற்றச்சாட்டு என்றால் மூல ஆவணம் கையில் வரும்வரை நிறுத்தாதீர்கள். கிடைக்கவில்லையா, அந்த வரியை எழுதாமல் விடுங்கள். நடுவில் உள்ளவற்றுக்கு, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத இரண்டு மூலங்கள். ஒரே செய்தி முகமையின் குறிப்பை எட்டு நாளிதழ் போட்டிருந்தால் அது ஒரு மூலம். கீழே முகமையின் பெயர் இருக்கிறதா, இரண்டாம் மூன்றாம் பத்திகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

#17 கம்பிவலை

சோதித்ததை அப்போதே வேபேக் மெஷினின் 'சேவ் பேஜ் நவ்' வழியாகச் சேமித்து, அந்த முகவரியையும் சான்றோடு போடுங்கள். நீங்கள் பார்த்த பக்கம் நாளை மாறலாம். பழைய படியை வாதத்துக்குப் பயன்படுத்தும்போது ஒரு கவனம்: ஒரே படியில் எழுத்து ஒரு நாளிலும் படம் வேறொரு நாளிலும் சேமிக்கப்பட்டிருக்கலாம். மேல்பட்டையில் இந்தப் படியைப் பற்றிய விவரம் என்று ஒரு சுட்டி இருக்கும். அதைத் திறந்தால் ஒவ்வொரு கோப்பும் எந்த நாளுக்குரியது என்று தனித்தனியாகத் தெரியும். 'அன்றைக்கே இந்தப் படம் அங்கே இருந்தது' என்று எழுதுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.